நாகப்பன் குடும்பத்துக்கு ஒரே லோட்

ஒரு குடும்பத்துக்கு ஒரு லோட், அதாவது ஒரு கடைக்கான இடம். தீபாவளிச் சந்தையின் சட்டம் அதுதான். நல்ல சட்டம். ஒரே ஆள் மச்சான் பேரில், மாமியார் பேரில், செத்துப்போன சித்தப்பா பேரில் எல்லாம் கடை எடுத்துத் தெருவையே வளைத்துப் போட்ட கதை எங்கள் ஊர் கிள்ளானில் எல்லோருக்கும் தெரியும். இந்தக் கொடுமையை ஒழிக்கத்தான் விழாக்காலச் சந்தை மேம்பாட்டு வாரியம் என்ற மாட்சிமை பொருந்திய அமைப்பு, தலைநகரத்து பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கட்டடத்தின் உச்சி மாடியில் அமர்ந்து ஆழ்ந்து யோசித்து, 'பாசார் செனாங்' என்ற செயலியை மக்களுக்கு அர்ப்பணித்தது. மலாயில் பாசார் என்றால் சந்தை, செனாங் என்றால் சுலபம். வாரியத்துக்கு நகைச்சுவை வராது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

குடும்பம் எது என்று செயலி எப்படிக் கண்டுபிடிக்கும்? அதற்கும் வழி இருந்தது. பெயரின் கடைசியில் வருவது குடும்பப் பெயர். அது ஒன்றாக இருந்தால் ஒரே குடும்பம். எங்கேயோ வெள்ளைக்கார ஊரில் எழுதிய விதி, அங்கே ஒழுங்காக ஓடியிருக்கும். நம் ஆட்களின் பெயருக்குக் கடைசியில் வருவது அப்பா. ஆகவே புருஷனும் பெண்டாட்டியும் செயலியின் கணக்கில் இரண்டு குடும்பம் ஆனார்கள். புருஷன் ஒரு லோட், பெண்டாட்டி பக்கத்து லோட் என்று பலர் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டார்கள். இந்தத் தவறு பற்றி வாரியத்துக்கு ஒரு புகாரும் வரவில்லை என்பதை இங்கே பெருமையோடு பதிவு செய்ய வேண்டும்.

மறுபக்கத்தில், அப்பா பெயர் ஒன்றாக இருந்தவர்கள் எல்லாம் உடன்பிறந்தவர்கள் ஆனார்கள்.

உமையாளை உங்களுக்குத் தெரியாவிட்டாலும் அவள் சுடும் சீப்புச் சீடையைத் தெரிந்திருக்கும். வருஷா வருஷம் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் நகைக்கடை முனையில் அவள் கடை இருக்கும். சீடை, மாவுருண்டை, அதிரசம். மற்ற மாதங்களில் வீட்டில் தையல். தீபாவளிச் சந்தைதான் அவளுக்கும் அவள் அம்மா ரமணியம்மாவுக்கும் வருஷத்தைத் தாங்குகிற தூண். இந்த வருஷமும் மாவு இடித்து, பாகு காய்ச்சி, தகர டின்களை வெயிலில் காய வைத்துவிட்டு, செயலியில் விண்ணப்பம் போட்டாள். உடனே பதில் வந்தது.

'தங்கள் குடும்பத்துக்கு ஏற்கெனவே லோட் வழங்கப்பட்டுள்ளது. பெற்றவர்: தங்கள் சகோதரர் யுகேந்திரன் நாகப்பன், டெங்கில். இடம்: நகைக்கடை முனை.'

உமையாளுக்கு சகோதரர் கிடையாது. நாகப்பனுக்கு அவள் ஒரே மகள். அந்த மனிதர் கடைகளுக்குக் கணக்கு எழுதி, யார் வம்புக்கும் போகாமல், போன வருஷம் போய்ச் சேர்ந்தவர். சிரித்துக்கொண்டே அம்மாவிடம் செய்தியைப் படித்துக் காட்டினாள். அது அவள் செய்த பிழை.

ரமணியம்மா சிரிக்கவில்லை. "டெங்கிலா?" என்று கேட்டார். நாகப்பன் கணக்கு எழுதப் போன ஊர்களில் டெங்கிலும் ஒன்று. மழை பிடித்துக்கொண்டது, பஸ் கிடைக்கவில்லை என்று அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் வந்த சம்பவங்களும் உண்டு. செய்தி வந்த மறுநாள் காலையில் அப்பாவின் படத்தில் மாலை இல்லை. அதற்கடுத்த நாள் படத்துக்கு முன்னால் விளக்கும் எரியவில்லை.

உமையாள் ரயில் பிடித்து பிரிக்ஃபீல்ட்ஸ் போனாள். கவுண்டரில் நடைமுறை அதிகாரி சின்னையா இருந்தார். விதிகளை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர், அதனாலேயே யாரும் அவரிடம் எதையும் கேட்பதில்லை. உமையாள் கேட்டாள். இப்படி ஒரு தம்பி எனக்கு இல்லை என்றாள். சின்னையா குரலைத் தாழ்த்தி, இதெல்லாம் சில குடும்பங்களில் பிள்ளைகளுக்கு லேட்டாகத்தான் தெரியவரும், வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள் என்றார். அவள் முகம் போன போக்கைப் பார்த்து இரக்கப்பட்டு ஒரு வழியும் சொன்னார். உடன்பிறப்பின்மைச் சான்றிதழ் ஒன்று கொண்டுவந்தால் போதும். யார் கொடுப்பார்கள்? சம்பந்தப்பட்ட தகப்பனார் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

இந்த உரையாடலைப் பக்கத்து மேசையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள் ஜனனி. செயலியைப் பராமரிக்கும் பெண். நாகரிகமான ஆபீஸ் என்பதால் அவளுக்கு மேசை உண்டு, நாற்காலி கிடையாது. காரணம், இலக்கவியல் உருமாற்றப் பிரிவின் இயக்குநர் கமலநாதன் லங்காவியில் ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்திருந்தார். நின்றுகொண்டே வேலை செய்தால்தான் சிந்தனை வேகமாக ஓடும் என்று அங்கே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அன்று முதல் எல்லோரும் நின்றார்கள். கூட்டமும் நின்றபடிதான். இயக்குநருக்கு மட்டும் முட்டி வலி, அதனால் அவர் உட்கார்ந்து சிந்தித்தார். அவர் அறைக் கதவில் 'N. கமலநாதன்' என்று பித்தளைப் பலகை மின்னும். செயலியின் முகப்பிலும் அவர் புன்னகை பூத்த படம் இருக்கும். லோட் கிடைக்காதவர்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று வைத்தது.

ஜனனி உமையாளைக் கூப்பிட்டு, "அக்கா, இது செயலியோட தப்புலா. நான் சரி பண்றேன்" என்று சொல்லி அனுப்பினாள்.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. மென்பொருள் எழுதுகிறவர்கள் ஓடிக்கொண்டிருக்கும் மூலத்தில் நேரடியாகக் கை வைக்க மாட்டார்கள். தனியாக ஒரு நகல் எடுத்துத் திருத்துவார்கள். திருத்தி முடிந்ததும் மூலத்தோடு சேர்ப்பார்கள். இந்தச் சேர்ப்புக்கு மெர்ஜ் என்று பெயர். யார் எதை எப்போது சேர்த்தார்கள், யார் எதை எடுத்தார்கள் என்று எல்லாவற்றையும் ஒரு கருவி கவனித்துக்கொண்டே இருக்கும். பங்காளிகளைப் போல. எதையும் மறக்காது.

ஜனனி திருத்தினாள். கடைசிப் பெயர் அப்பா பெயர்தான், அதை வைத்துக் குடும்பம் கட்டாதே என்று செயலிக்குப் புரிய வைத்தாள். மூலத்தோடு சேர்த்தாள். அன்று மத்தியானமே உமையாளுக்கு நகைக்கடை முனையிலேயே ஒரு லோட் உறுதியாயிற்று. ரமணியம்மா படத்துக்குப் பழைய மாலையைத் தூசி தட்டிப் போட்டார். புது மாலை வாங்க இன்னும் நம்பிக்கை போதவில்லை.

சாயந்திரம் இயக்குநர் செயலியைத் திறந்தார். முகப்பில் அவர் படம் இல்லை. ஜனனி முகப்பை ஒழுங்குபடுத்தியபோது தவறிப் போயிருந்தது.

அந்த ஆபீஸில் அதற்கு முன்பும் பின்பும் எந்த வேலையும் அவ்வளவு வேகமாக நடந்ததில்லை. அவசரக் கூட்டம் கூடியது, நின்றபடி. நாட்டின் இலக்கவியல் பாதுகாப்புக்கே அச்சுறுத்தல் ஏற்பட்டிருப்பதாக இயக்குநர் உட்கார்ந்தபடி தெரிவித்தார். அந்தச் சேர்ப்பை முழுவதுமாக ரத்து செய்யும்படி ஆணை தயாரானது, அதில் அவரே கையெழுத்திட்டார். படத்தை மட்டும் திரும்ப வைத்தால் போதும் பாஸ் என்று ஜனனி சொல்லிப் பார்த்தாள். ஆணையில் 'முழுவதுமாக' என்று அச்சாகிவிட்டது என்று சின்னையா வருத்தத்தோடு சுட்டிக்காட்டினார்.

ரத்து ஆயிற்று. படம் திரும்பியது. கூடவே தம்பியும் திரும்பினான். உமையாளுக்கு வந்த லோட் போயிற்று, மாலை மறுபடி ஆணியிலிருந்து இறங்கியது.

ஜனனி விடவில்லை. தன் நகலில் இயக்குநரின் படத்தைப் பத்திரமாக வைத்து, மறுபடியும் மூலத்தோடு சேர்த்தாள். இங்கேதான் கருவி தன் குணத்தைக் காட்டியது. நீ முன்னால் கொடுத்ததை அன்றைக்கே சேர்த்தாயிற்று, அப்புறம் எடுத்துப் போட்டது உங்கள் விருப்பம், இப்போது புதிதாக இருப்பது படம் ஒன்றுதான் என்று அது தன் பாஷையில் சொல்லிவிட்டு, படத்தை மட்டும் சேர்த்துக்கொண்டது. ரத்தில் திரும்பி வந்த படம் ஏற்கெனவே முகப்பில் இருந்ததா, இப்போது இயக்குநர் இரண்டு பேராகப் புன்னகைத்தார். அப்பா பெயர்த் திருத்தம் மட்டும் வரவேயில்லை.

இயக்குநருக்குப் பரம திருப்தி. உருமாற்றம் கண்கூடாகத் தெரிகிறது என்றார்.

ஜனனி கோப்போடு அவர் அறைக்குள் போனாள். சின்னையாவும் உள்ளே நின்றுகொண்டிருந்தார்.

"பாஸ், திருத்தம் உள்ள வரல. மறுபடி சேர்த்தா, ஏற்கெனவே சேர்ந்தாச்சுன்னு சொல்லுது."

"சேர்ந்தாச்சுன்னு கருவியே சொல்லுதா?" என்றார் சின்னையா.

"சொல்லுது சார். ஆனா இல்ல."

"சேர்ந்தது எப்படிம்மா இல்லாம போகும்?"

"நாமதான் ரத்து பண்ணோமே. இப்ப அந்த ரத்தை ரத்து பண்ணணும். அப்பதான் திரும்ப வரும்."

சின்னையா கதவைச் சாத்திவிட்டு இயக்குநர் பக்கம் மரியாதையாகக் கை காட்டினார். "துவான் கையெழுத்து போட்ட ரத்து அது. அதுல தப்பு இருக்குன்னு சொல்றியா?"

"தப்புன்னு சொல்லல சார். எடுக்கணும்னு சொல்றேன்."

"தப்பு இல்லாதத எதுக்கும்மா எடுக்கணும்?"

"சரி சார், தப்புன்னே வச்சுக்குங்க."

"துவானோடதுல தப்பு வராதே."

ஜனனி இரண்டு பக்கமும் பார்த்தாள். தப்பு இருந்தால்தான் எடுக்கலாம், இயக்குநர் செய்தால் தப்பு இருக்காது. இந்தச் சுவரில் கதவே இல்லை. மேலும், ரத்து செய்வதற்குப் படிவம் உண்டு, ரத்தை ரத்து செய்வதற்குப் படிவம் கிடையாது என்று சின்னையா அன்போடு விளக்கினார். கருவியே சேர்ந்தாயிற்று என்று ஒப்புக்கொண்டதால் உமையாளின் புகாரைத் தீர்ந்ததாகக் குறித்துக்கொண்டார். அன்றைக்கே அவளுக்குச் செய்தி போனது. 'தங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது. தங்களுக்கும் தங்கள் சகோதரருக்கும் வாரியத்தின் தீபாவளி வாழ்த்துகள்.'

சந்தை தொடங்கிவிட்டது. வீட்டில் டின்கள் நிறைந்து கிடந்தன. உமையாள் நகைக்கடை முனைக்குப் போனாள், அந்தத் தம்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டு நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று.

யுகேந்திரன் மின்விளக்குச் சரம் விற்றுக்கொண்டிருந்தான். நெட்டையான, கறுத்த, பயந்த சுபாவமுள்ள ஆள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவனே ஸ்டூலை எடுத்துப் போட்டான்.

"நாகப்பன் மகளா? உக்காருங்கக்கா. செராஸ்லேருந்து ஒரு அண்ணன் வந்து நேத்துதான் திட்டிட்டுப் போனாரு. அவரும் நாகப்பன் மகன்தான். எங்கப்பா எஸ்டேட்ல லோரி ஓட்டுனாரு. கிள்ளான் பக்கம் வந்ததேயில்ல, சத்தியமா."

அவள் திட்டுவதற்கு வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் வீணாயின. யுகேந்திரன் தலையைச் சொறிந்துகொண்டு ஒரு யோசனை சொன்னான். உடன்பிறந்தவர்கள் ஒரே லோட்டைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று விதியில் இருக்கிறது. நம்மைத்தான் வாரியமே உடன்பிறப்பு என்று சொல்லிவிட்டதே. பாதி இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுநாளே சீடை டின்கள் வந்து இறங்கின. அவன் விளக்குகளின் வெளிச்சத்தில் அவள் அதிரசம் பொன்னிறமாக மின்னியது. அதிரசம் வாங்க வந்தவர்கள் விளக்கும் வாங்கினார்கள். மேலே பலகையில் 'நாகப்பன் பிள்ளைகள்' என்று அவனே எழுதி மாட்டினான். ரமணியம்மா ஒரு நாள் கடைக்கு வந்து அவன் மூக்கு, காது, நெற்றி எல்லாவற்றையும் வெளிச்சத்தில் நிறுத்திப் பரிசோதித்தார். கணவரின் சாயல் ஒரு துளியும் இல்லை. வீட்டுக்குப் போகும் வழியில் புது மாலை வாங்கிக்கொண்டு போனார். சந்தோஷமாக இருந்தார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும், கதை இங்கே முடிந்திருந்தால்.

ஆனால் வாரியத்தில் உள்தணிக்கைப் பிரிவு என்று ஒன்று உண்டு. அவர்கள் ஒரு நல்ல நாள் பார்த்து, வாரிய அதிகாரிகளின் உறவினர் யாராவது லோட் வாங்கியிருக்கிறார்களா என்று பாசார் செனாங்கையே கேட்டார்கள். அது தனக்குத் தெரிந்ததைச் சொன்னது. இயக்குநர் கமலநாதனின் தம்பி ஒருவருக்கு நகைக்கடை முனையில் லோட் வழங்கப்பட்டுள்ளது. கூடவே ஒரு சகோதரி அங்கே அதிரசம் விற்கிறார்.

பித்தளைப் பலகையில் இருந்த N என்ன என்று அதுவரை யாரும் கேட்டதில்லை.

கமலநாதன் அன்று முதல்முறையாக எழுந்து நின்று கூட்டம் நடத்தினார். செயலியில் மாபெரும் கோளாறு இருக்கிறது, அப்பா பெயரை வைத்துக் குடும்பம் கட்டுவது என்ன மடத்தனம், இதை யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்டார். கவனித்தோம் பாஸ், திருத்தினோம், நீங்கள்தான் ரத்து செய்தீர்கள் என்று ஜனனி சொன்னாள்.

இங்கேதான் சின்னையா தாம் சம்பளம் வாங்குவதற்கு நியாயம் செய்தார். ஒரே மூச்சில் தீர்மானம் எழுதினார். 'முன்னர் செய்யப்பட்ட ரத்து முற்றிலும் சரியானது. சரியான அந்த ரத்து தன் நோக்கத்தைச் செவ்வனே நிறைவேற்றிவிட்டபடியால், அதனைக் கௌரவமாக ரத்து செய்வதும் முற்றிலும் சரியானதே.' இயக்குநர் படித்தார். கண் கலங்கினார். கையெழுத்திட்டார். ஜனனி ரத்தை ரத்து செய்தாள். திருத்தம் பத்திரமாகத் திரும்பி வந்தது. போகிற போக்கில் முகப்பிலிருந்த இரண்டு படங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு போயிற்று. அன்றைய நிலைமையில் இயக்குநர் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

செயலி இப்போது மாசு மருவற்ற உண்மையைப் பேசியது. உண்மை வெளிவந்த மறுநாள் காலையில் அமலாக்கப் பிரிவு நகைக்கடை முனைக்கு வந்தது. வந்த அதிகாரி மரியாதையானவர்.

"ஆன்டி, நேத்து வரைக்கும் நீங்க அக்கா தம்பி. இன்னிக்கு காலைல இருந்து இல்ல. சம்பந்தமில்லாதவங்க லோட் ஷேர் பண்ணக் கூடாது. சாமான எடுத்துருங்க."

லோட் யுகேந்திரன் பேரில். டின்கள் தெருவோரத்துக்கு வந்தன. தீபாவளி கிட்டத்தில் நிற்கிறது, சீடையாவது தாங்கும், அதிரசம் தாங்காது. உமையாள் அம்மாவையும் யுகேந்திரனையும் கூட்டிக்கொண்டு மறுபடி பிரிக்ஃபீல்ட்ஸுக்கு ரயில் ஏறினாள். ஜனனி அவர்களைப் பார்த்ததும் ஓடி வந்தாள். பாவம், நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு வந்தாள்.

"அக்கா, எல்லாம் சரியாயிருச்சு. இப்ப உங்களுக்குத் தனி லோட் வாங்க முழுத் தகுதி இருக்கு."

"லோட் இருக்கா?"

"லோட் முடிஞ்சுருச்சுக்கா. தகுதி இருக்கு."

உமையாள் கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டாள். "தகுதிய வச்சு நான் என்ன பண்ண? எனக்கு என் தம்பிய திருப்பிக் குடுங்க."

ரத்தின் ரத்தை ரத்து செய்யலாம், அது பெரிய வேலையில்லை. ஆனால் தணிக்கை முடியும்வரை இயக்குநருக்குத் தம்பி தங்கை யாரும் இருக்கக் கூடாது. சின்னையாதான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விதிக்குள் போனார். செயலி என்ன சொன்னாலும், குடும்பத்தில் உயிரோடு இருக்கும் பெரியவர் ஒருவர் இன்னார் உடன்பிறப்பு என்று சத்தியப் பிரமாணம் செய்தால் வாரியம் ஏற்கும். தகப்பனார் இல்லாத பட்சத்தில் அவருடைய மனைவி செய்யலாம்.

எல்லோரும் ரமணியம்மாவைப் பார்த்தார்கள்.

உமையாள் அம்மாவின் கையைப் பிடித்து, வேண்டாம்மா, வா போவோம் என்றாள். உண்மையாகவே வேண்டாம் என்றுதான் சொன்னாள். இந்த அம்மா ஒரு தப்பான செய்தியை நம்பி மாலையைக் கழற்றி வைத்துவிட்டு எத்தனை நாள் சோறு இறங்காமல் இருந்தார் என்று அவளுக்குத் தெரியும்.

ரமணியம்மா கையை விடுவித்துக்கொண்டு கவுண்டருக்கு முன்னால் வந்தார். யுகேந்திரனை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமா. என் வீட்டுக்காரரோட புள்ளதான். டெங்கில்ல."

சின்னையாவின் பேனா நின்றது. மனசு கஷ்டப்பட்டுச் சொல்கிறீர்கள் அம்மா என்றார், நெகிழ்ந்துபோய்.

"கஷ்டம் என்ன தம்பி. சீக்கிரம் எழுதுங்க, அதிரசம் கெட்டுப் போயிரும்."

சாயந்திரமே டின்கள் லோட்டுக்குத் திரும்பின. வாரிய வரலாற்றில் ஒரு கோரிக்கை காலையில் வந்து சாயந்திரம் தீர்ந்தது அதுவே முதல் தடவை. ரமணியம்மா வீட்டுக்குப் போய்க் கணவரின் படத்துக்கு இரண்டு மாலை போட்டு, நெடுநேரம் தனியாக ஏதோ பேசிக்கொண்டிருந்தாராம்.

தீபாவளிக்கு முதல் நாள் நான் அந்தக் கடைக்குப் போனேன். கூட்டம் நெரிந்தது. யுகேந்திரன் சீடை கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தான், உமையாள் விளக்கு விற்றுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற என் சிநேகிதர் லோகன் என் காதருகே வந்து, "மூக்கப் பாத்தீங்களா? அப்படியே நாகப்பன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. செத்துப்போன ஒரு நல்ல மனிதரைப் பற்றி இப்படிப் பேசலாமா? அவரை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் விளக்கினேன். வெள்ளைக்கார விதி, சேர்ப்பு, சேர்ப்பின் ரத்து, மறுபடியும் சேர்ப்பு, ரத்தின் ரத்து, கடைசியில் அந்த அம்மா சோற்றுக்காகச் சொன்ன பொய். ஒன்றுவிடாமல் சொன்னேன். லோகன் பொறுமையாகக் கேட்டார். ஒரு சீடையை வாயில் போட்டு மென்றார்.

"அதெல்லாம் சரிலா. நெருப்பில்லாம புகையுமா?"

நான் திரும்பி யுகேந்திரனின் மூக்கை இன்னொரு தடவை பார்த்தேன். கொஞ்சம் அப்படித்தான் இருந்தது.